செத்தவரின் இடுப்புச் சுற்றளவு

திங்கட்கிழமை காலை உங்கள் கையில் ஆளுக்கொரு அளவு டேப்பும், ஒரு டேப்லெட்டும், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்துவிடுவார்கள். டேப்பை எங்கே வைப்பது, எவ்வளவு இறுக்குவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. 'புதுசா வர்ற பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க மேடம்' என்று ஆபீஸில் கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் கைவசம் இல்லை. உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் சாகடித்த கதை ஒன்று இருக்கிறது. அதை வேண்டுமானால் தருகிறேன்.

நம் திட்டம் உங்களுக்குத் தெரியும். அறுபது வயது தாண்டியவர்களின் எடை, இடுப்பு, கெண்டைக்கால் எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒரு முறை அளக்கிறோம். எப்படிப்பட்ட உடம்பு எவ்வளவு காலம் தாங்குகிறது என்று பார்க்கிறோம். ஆபீஸில் இதற்கு வாய்க்குள் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஊரில் வைத்த பெயர் 'சாவு சர்வே'. நான் தெருவில் நுழைந்தாலே யாராவது ஒருவர், "எனக்கு இன்னும் எத்தினி வருசம்னு அதுல வந்துருச்சா?" என்று டேப்லெட்டை எட்டிப் பார்ப்பார். ஒரு வீட்டில் மருமகள் என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போய், தன் மாமியாருக்கு என்ன வந்திருக்கிறது என்று ரகசியமாகக் கேட்டாள். 'நல்லாத்தான் இருக்காங்க' என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

செட்டிகுளம் பக்கத்தில் ஒரு ஊர். அங்கே பெரியண்ணன் என்று ஒரு பெரியவர். இந்தக் கயிற்றுக் கதை நடந்தபோது அவருக்கு எழுபத்து நான்கு வயது. சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். மனைவி அஞ்சலையம்மாள், மருமகள் செல்வி, ஒரு மாடு. மகனுக்கு வெளியூரில் வேலை. இந்த வேலையில் நான் ஆயிரம் பிடிவாதக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். 'மூச்சை விடுங்க' என்றால் இழுப்பார்கள், 'நேரா நில்லுங்க' என்றால் உட்காருவார்கள். பெரியண்ணன் அந்த ரகம் இல்லை. சொன்னதைச் செய்வார். கையை விரிக்கச் சொன்னால், இறக்கச் சொல்லும் வரை விரித்தபடியே நிற்பார். ஒரு முறை நான் மறந்துபோய் செல்வியோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மனிதர் சிலுவையில் அறைந்தவர் மாதிரி நிற்கிறார். இப்படி ஓர் ஆள் கிடைத்தால் நமக்குக் கொண்டாட்டம்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

முதல் வருடம் அவருக்கு நல்ல தொப்பை. டேப்லெட் சிவப்பு காட்டியது. நான் கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டு பெரிய டாக்டர் தோரணையில் சொன்னேன்: "ஐயா, இந்தத் தொப்பை ஆகாதுங்க. இதக் கொறச்சாத்தான் ஆயுசு."

"கொறச்சுடுறேன் தாயி," என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். எப்படிக் குறைப்பீர்கள் என்று கேட்கவில்லை. எதுவரை குறைக்க வேண்டும் என்று சொல்லவும் இல்லை.

மறு வருடம் போனேன். வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து எனக்கு வாயெல்லாம் பல். தொப்பை போன இடம் தெரியவில்லை. வேட்டியை இரண்டு சுற்று அதிகம் சுற்றியிருந்தார். உடனே ஒரு போட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பினேன். ஒரே நிமிடத்தில் போன் வந்தது. "சூப்பர் மேரி மேடம்! இவரையே பெரம்பலூர் மீட்டிங்ல வெற்றிக் கதைன்னு போட்டுருவோம்."

அந்த சந்தோஷத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். இப்போது ஒரு வாக்குமூலம். கெண்டைக்கால் அளவு என்று ஒரு கட்டம் வரும். அதற்கு ஆளை உட்கார வைத்து, வேட்டியை ஏற்றி, நாம் தரையில் குனிய வேண்டும். எனக்கு ஐம்பத்தாறு வயது, முட்டி வலி. கெண்டைக்கால் எங்கே போய்விடப் போகிறது என்று போன வருட எண்ணையே திரும்பப் போட்டுவிட்டேன். அவருக்கு மட்டும் இல்லை. அந்தச் சுற்றில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் போட்டேன்.

பிறகு இடுப்பு. இரண்டு தடவை அளக்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் டேப்லெட் அடுத்த பக்கத்துக்கு விடாது. பெரியண்ணன் இடுப்பில் அரைஞாண் கயிறு. அதில் ஒரு தாயத்தும் மோட்டார் ரூம் சாவியும். மெலிந்ததால் கயிற்றை ஏற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். டேப் எங்கே வர வேண்டுமோ சரியாக அங்கே சாவி வந்து நின்றது. நான்கு தடவை அளந்தேன். நான்கு எண் வந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு மேல் முடிச்சு விழுந்து, எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கல்லாகியிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் ஆறு வீடு பாக்கி.

பையில் முதலுதவிக் கத்தரிக்கோல் இருந்தது. எடுத்தேன், நறுக்கினேன்.

எங்கள் அப்பா ஏலாக்குறிச்சியில் வாத்தியார், பெல்ட் போட்டவர். அரைஞாண் கயிறு என்றால் எனக்குக் குழந்தைகள் ஞாபகம்தான் வரும். வளர்ந்த ஆணின் இடுப்பிலிருந்து அதை எப்போது அறுப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. பெரியண்ணன் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். 'பேசாதீங்க, அசையாதீங்க' என்று நான்தானே சொல்லியிருந்தேன். மனிதர் கையை விரித்தபடி, கண்ணை மட்டும் அகல விரித்து நின்றார்.

தாயத்து தரையில் விழுந்த சத்தத்துக்கு அஞ்சலையம்மாள் அடுப்படியிலிருந்து வந்தார். கயிற்றைப் பார்த்தார். என் கையில் கத்தரிக்கோலைப் பார்த்தார்.

"அடிப்பாவி! அரணாக்கயித்த செத்தாத்தானடி அறுப்பாங்க! எம் புருசன் நிக்கிறப்பவே அறுத்துட்டியேடி!"

"அம்மா, கயிறுதானங்க, நானே முடிஞ்சு தரேன்..."

"முடிஞ்சு தருவாளாம்! அறுத்தது அறுத்ததுதான்டி!"

பெரியண்ணன் மெதுவாகக் கையை இறக்கினார். யாரையும் திட்டவில்லை. உள்ளே போய்ப் பாயை விரித்தார். தெற்கே தலை வைத்து நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"செல்வி," என்றார். "கால் கட்டைவெரல் ரெண்டயும் சேத்துக் கட்டிரு."

"மாமா, நீங்க சாவலயே மாமா!"

"கயிறு அறுத்தாச்சு. அப்பறம் என்ன?"

அவர் விளையாடவில்லை. இதுவரை சொன்னதையெல்லாம் செய்தவர் இப்போது கயிறு சொன்னதைச் செய்கிறார், அவ்வளவுதான். அஞ்சலையம்மாள் சுவர்க் கண்ணாடி முன் நின்று, நெற்றிப் பொட்டை அழிப்பதா வேண்டாமா என்று விரலை நெற்றி வரைக்கும் கொண்டுபோவதும் இறக்குவதுமாக இருந்தார். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பையன் பைக்கை அணைக்காமலே, "பந்தலுக்குச் சொல்லவா?" என்று கேட்டான்.

எனக்கு அந்த நேரத்தில் என்ன கவலை தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், படிவம் பாதியில் நிற்கிறதே என்ற கவலை. பாய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, இன்னும் ரெண்டே கேள்விங்க" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "செத்தவன்கிட்ட என்ன தாயி கேள்வி?" என்றார். டேப்லெட்டில் மூன்றே வழிதான் இருந்தது: உயிருடன் உள்ளார், இறந்தார், பதிலளிக்க மறுத்தார். சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

"சார், ஒருத்தர் செத்துட்டேங்கிறார்."

"யாரு சொன்னது?"

"அவரேதான் சார்."

"அவரே சொன்னா 'இறந்தார்'னு போட முடியாது மேடம். வேற யாராச்சும் சொல்லணும். 'மறுத்தார்'னு போட்டுட்டு வாங்க. மீட்டிங்குக்கு மட்டும் உயிரோட வேணும்."

போனை வைத்தபோதுதான் அஞ்சலையம்மாள் கண்ணாடியை விட்டுத் திரும்பினார். அழுகை நின்றிருந்தது. "செத்தவனுக்கு மறுபடி கட்டக்கூடாது. பொறந்தவனுக்குக் கட்டலாமில்ல?" என்றார்.

கூட்டத்தில் சலசலப்பு. பிறந்த குழந்தைக்கு முப்பதாம் நாள் அத்தை வந்து கயிறு கட்டுவாள். அதுபோல இவருக்கும் கட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆனால் பெரியண்ணனின் அத்தைமார் எல்லோரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அத்தைக்கு எங்கே போவது?

"அறுத்தவளே கட்டட்டும்," என்றார் அஞ்சலையம்மாள். "இவதான் அத்த."

"அம்மா, நான் மாதா கோயிலுக்குப் போறவங்க..."

"அத்த எந்தக் கோயிலுக்குப் போனா என்ன? போயி கறுப்புக் கயிறு வாங்கிட்டு வா."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு செட்டிகுளம் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் கயிற்றை அளந்துகொண்டே, "கொழந்தைக்கு எத்தினி மாசங்க?" என்று கேட்டார். எழுபத்து நான்கு வருடம் என்றேன். கையிலிருந்ததை வைத்துவிட்டுப் பெரிய உருண்டையை எடுத்தார்.

திரும்பி வந்தால் ஏற்பாடு முழுவதும் தயார். பெரியண்ணனின் தலைமாட்டில் ஒரு டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர். நான் விரலில் தொட்டு அவர் நாக்கில் வைத்தேன். காதில் மூன்று முறை 'பெரியண்ணன், பெரியண்ணன், பெரியண்ணன்' என்றேன். செல்வி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். இடுப்பில் கயிறு கட்டினேன், தாயத்தையும் சாவியையும் கோத்தேன். எழுபத்து நான்கு வயதுக் குழந்தை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

"கால்லயும் ஒண்ணு கட்டு. இன்னிக்கு ஊரு கண்ணே பட்டுருச்சு," என்றார் அஞ்சலையம்மாள்.

முட்டி வலிக்கக் குனிந்து உட்கார்ந்தேன். வேட்டியை ஏற்றி, கால் ஆடாமல் இருக்கக் கெண்டைக்காலை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தேன்.

என் விரல்கள் அந்தப் பக்கம் போய் ஒன்றோடொன்று முட்டின. முட்டியதோடு நிற்கவில்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

என் கை அப்படியொன்றும் பெரிய கை இல்லை. போன வருடம் இதே காலை அளந்தது எனக்கு நினைவிருக்கிறது. வெங்காய மூட்டை தூக்கின கால், கையில் அடங்காது. இப்போது எலும்பின் மேல் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. பையில் இருந்த டேப்லெட்டில் அந்தப் பழைய காலின் எண் இருந்தது, அன்றைய தேதியோடு, என் கையெழுத்தோடு.

"ஐயா, எந்திரிங்க," என்றேன்.

அவர் சிரித்தபடியே கையை ஊன்றினார். எழவில்லை. பக்கவாட்டில் திரும்பி ஊன்றினார். முட்டி மடங்கியது, உடம்பு மேலே வரவில்லை. கூட்டம் 'கொழந்தைக்குத் தவழத் தெரியல' என்று சிரித்தது. மூன்றாம் முறை முயன்றுவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பு போயிருந்தது.

"முடியல தாயி. பாய்ல படுத்தா தெனமும் செல்விதான் தூக்கி உடுறா."

வாசலில் சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். நான் செல்வியிடம் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன்.

"காலைல ஒரு டம்ளர் கூழுங்க. ராத்திரிக்கு அர இட்லி. நெய், முட்ட, பருப்பு எதயும் தொட மாட்டாரு. போன தடவ நீங்க சொல்லிட்டுப் போனதுலேர்ந்து இப்புடித்தான். மாசா மாசம் அரணாக்கயித்த இறுக்கிக் கட்டிக்கிட்டு, மேடம் வந்தா சந்தோசப்படுவாங்கன்னு சொல்லுவாரு."

சந்தோஷப்பட்டேனே. போட்டோ எடுத்தேனே. காலையில் வாசலில் நின்று கைதட்டாத குறையாகச் சிரித்தேனே. அந்த வீட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த அவமானத்தை இப்போது எழுதும்போதும் உடம்பு உணர்கிறது. வயதானவர்களுக்குப் பெரிய தொப்பை நல்லதில்லை என்பது பொய்யில்லை. ஆனால் அந்த வயதில் பட்டினி கிடந்தால் தொப்பை மட்டும் தனியாகக் கரைவதில்லை. கால் சதையும் கூடவே போகிறது. அது போனால் ஆள் விழுவார், விழுந்தால் படுப்பார், படுத்தால் பிறகு எழுவது கஷ்டம். பயிற்சியில் எனக்கும் இதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள். கயிறு அறுத்ததில் அவர் சாகவில்லை. என் ஒரு வரிப் புத்திமதியில் ஒரு வருடமாகச் செத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இனிமே நல்லா சாப்பிடணுங்க."

தலையை ஆட்டினார், முடியாது என்று. "தொப்ப வந்துட்டா ஆயுசு போயிரும்னு நீதான தாயி சொன்ன."

"தப்பா சொல்லிட்டேங்க."

"ஆபீஸ்லேர்ந்து வந்து தப்பா சொல்லுவாங்களா?" என்று கேட்டார். அந்த நம்பிக்கையை என்ன செய்வது? டாக்டரைக் கூட்டிவந்து சொல்ல வைக்கலாமா, மேலே எழுதிப்போட்டு ஒரு சீட்டு வாங்கலாமா என்றெல்லாம் புத்தி ஓடியது. அஞ்சலையம்மாளைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே தட்டில் சோற்றைப் போட்டு, பருப்பும் நெய்யும் ஊற்றி, ஒரு முட்டையையும் உரித்து வைத்து என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஆபீசெல்லாம் அப்பறம். நீ இப்ப அத்த. ஊட்டு."

பிசைந்து ஓர் உருண்டை எடுத்தேன். "பெரியண்ணா, அத்த சொல்றேன். வாயத் தெற."

அவர் என்னைப் பார்த்தார், உருண்டையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒரு வருடமாக நெய்யைப் பார்க்காத மனிதர் அதை மென்றுகொண்டிருக்கும்போதே, அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. இரண்டாவது உருண்டைக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வண்டி பிடித்து அன்றைக்கே பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சளி, சர்க்கரை, தைராய்டு என்று எல்லாம் பார்த்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "வியாதி எதுவும் இல்ல. இவருக்குப் பசி," என்றார். அஞ்சலையம்மாள், "அதுக்கு என்ன மருந்துங்க?" என்று பயபக்தியோடு கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும், ஒரேயடியாகத் திணித்துவிடக் கூடாது, தினமும் பத்துத் தடவை நாற்காலியில் உட்கார்ந்து எழ வைக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னது அந்த ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்துதான். வெற்றிக் கதையைத் தூக்கிவிடுங்கள் என்றேன். கெண்டைக்கால் எண்களை நான் அளக்கவில்லை, பழையதையே போட்டேன் என்றேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன்.

"எத்தன பேருக்கு மேடம்?"

"நாப்பத்தாறு பேருக்கு சார்."

பெருமூச்சு கேட்டது. "எழுதிக் குடுங்க. நாப்பத்தாறு பேரையும் மறுபடி அளக்கணும். நானும் வரேன். அந்தக் கட்டத்த நானும் ஒரு தடவகூட திருப்பிப் பாத்ததில்ல." வந்தார். மனிதர் முதல் வீட்டிலேயே குனிந்துவிட்டு நிமிர முடியாமல் என்னைக் கைதூக்கிவிடச் சொன்னார். அந்த நாற்பத்தாறில் இன்னும் இரண்டு பேருக்குக் கால் இளைத்திருந்தது. அவர்களையும் டாக்டரிடம் அனுப்பினோம்.

பெரியண்ணன் வீட்டுக்கு மட்டும் வாரம் ஒரு முறை போனேன். திட்டத்தில் அதற்கு இடமில்லை, என் சொந்த நேரத்தில் போனேன். அத்தை வந்தால்தான் முட்டை சாப்பிடுவார், அத்தை எண்ணினால்தான் நாற்காலியில் உட்கார்ந்து எழுவார். முதல் வாரம் இரண்டு தடவைக்கு மேல் முடியவில்லை, அதுவும் செல்வி கை கொடுத்து. நான் 'போதும்' என்றால் நிறுத்துவார், 'இன்னொண்ணு' என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுவார். முன்பு இதைப் பார்த்து மகிழ்ந்தவள், இப்போது ஒவ்வொரு தடவையும் பயந்தேன். என் வாயிலிருந்து ஏதாவது தவறி விழுந்தால் அதையும் செய்துவிடுவாரே.

மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் காலை. நல்ல வெயில். பாயில் படுத்திருந்தவர் நான் வந்ததைப் பார்த்துவிட்டு ஒருக்களித்தார், கையை ஊன்றினார், யாரையும் கூப்பிடாமல் எழுந்து நின்றார். செல்வி ஓடி வந்தாள். அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றேன்.

"காட்டுக்கு. வெங்காயம் புடுங்குறாங்க. நா நிக்காம இருந்தா ஒழுங்கா புடுங்க மாட்டாளுங்க."

"இப்பத்தான் கால் தேறுது. இன்னும் ஒரு மாசம் காட்டுப்பக்கம் போவக்கூடாது. உக்காருங்க. அத்த சொல்றேன்."

வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"போடி," என்றார். "நீ சொன்னா கேக்கணுமா?"

படியிறங்கி, வெங்காயக் காட்டுப் பக்கம் நடந்தார். முப்பது வருடத்தில் என் பேச்சைக் கேட்காதவர்கள் எத்தனையோ பேர். எல்லோர் மேலும் எரிந்து விழுந்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அந்த வாசலில் உட்கார்ந்து, அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்து, சந்தோஷத்தில் அழுதேன்.